சுடுநீர்க் காயம் சொல்லும் செய்தி

குழந்தைகளுக்கு ஏற்படும் சுடுநீர்க் காயங்களில் பெரும்பாலானவை விபத்துகளே. மேசைமேல் உள்ள தேநீர்க் குவளையை இழுத்துவிட்டால் முகத்திலும் மார்பிலும் ஒழுங்கற்ற காயம் உண்டாகும். ஆனால் இரு கால்களிலும் காலுறை அணிந்தாற்போல் தெளிவான எல்லைக்கோட்டுடன் காயம் இருந்தால், நீரில் அழுத்திப் பிடித்தார்களோ என மருத்துவர்கள் ஐயுறுவர். கூறும் காரணம் பொருந்தாமை, சிகிச்சைக்குத் தாமதமாக வருதல் ஆகியனவும் எச்சரிக்கை அடையாளங்களாகும்.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கே ஆபத்து அதிகம். உடையை நனைத்துவிட்டால் எழும் கோபம், குடிப்பழக்கம், இல்லறச் சச்சரவு, உதவிக்கு ஆளில்லாத தனிமை ஆகியவை அதனைப் பெருக்குகின்றன. 60 பாகை செல்சியஸ் நீர் சில விநாடிகளிலேயே ஆழமாகச் சுட்டுவிடும்.

அன்பர்களே, களைத்த தாயிடமிருந்து குழந்தையைச் சற்று நேரம் வாங்கிக்கொள்வதும் அறமே. ஐயமிருப்பின் சிங்கப்பூரில் 1800-777-0000, மலேசியாவில் 15999 என்ற எண்ணை அழையுங்கள்.