ஈரத்திற் புல் வெட்டலாமா?

மலைநாட்டிலே நான் ஆசிரியனாயிருந்தபோது, பரிசளிப்பு விழாவை முன்னிட்டுப் பாடசாலைப் புற்றரையை மழையோடு மழையாக வெட்டுவித்தேன். "ஈரம் காயட்டும், ஐயா" என்று தோட்டக்காரர் கூறியதைப் பொருட்படுத்தவில்லை. விழா முடிந்தபின் மாணவர் விளையாடுதற்குச் சேறும் பாசியுமே எஞ்சின.

அவர் சொல்லில் விஞ்ஞானம் இருந்தது. நனைந்த புல் சாய்ந்து கிடக்கும். அலகு அதனைச் சீராக அரியாது கிழிக்கும். கிழிந்த நுனியிற் பூஞ்சண நோய் எளிதிற் புகும். ஈரமண் மிதிபட்டு இறுகினால் வேருக்குக் காற்றுக் கிட்டாது.

6,000 அடிக்கு மேல் உயர்ந்த நுவரெலியாவிற் குளிரினாற் புல் மெல்லவே வளரும். பட்ட புண்ணும் மெல்லவே ஆறும். ஆதலால், மழை ஓய்ந்து இலை காயும்வரை பொறுத்திருங்கள். அலகைத் தீட்டிக்கொள்ளுங்கள். இலையே புல்லுக்கு உணவு ஆக்குமிடம். ஆகவே ஒரு தடவையில் அதன் உயரத்தில் மூன்றிலொரு பங்கிற்கு மேல் வெட்டாதீர்கள். வெட்டியதை வாரி அகற்றுங்கள். குவிந்து கிடந்தாற் கீழுள்ள புல் அழுகும். தை மாத விடியலில் உறைபனி படிந்திருப்பின், அது உருகுமுன் கால் வைத்தலும் ஆகாது. உறைந்த இலை மிதிபட்டு நொறுங்கிக் கருகும்.

அடுத்த ஆண்டு விழாவிற் புல் சற்று உயர்ந்தே நின்றது. எவரும் குறை கூறவில்லை. மறுநாள் மாணவர் அதன்மேல் விளையாடினர்.