காணாக்கடி! கடித்தது யார்?

காணாக்கடி! எவ்வளவு பொருத்தமான பெயர் வைத்தார்கள் நம் முன்னோர்! இரவு படுக்கும்போது பாம்பும் இல்லை, பூரானும் இல்லை. விடிந்து பார்த்தால் உடலெங்கும் செந்தடிப்பு, தாங்கொணா அரிப்பு. கடித்தது எதுவென்று காணவில்லை, ஆகவே காணாக்கடி. தெரியாததைத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்ட நேர்மை அந்தப் பெயரில் இருக்கிறது. அதை நாம் குறை கூற மாட்டோம். ஆனால், காணாததைக் கண்டதாகச் சொல்லிக் காசு பறிக்கும் கூட்டத்தைக் கண்டிக்காமல் இருக்க முடியுமா?

செய்வினை என்கிறான் ஒருவன். கண்ணேறு என்கிறான் இன்னொருவன். முற்பிறவிப் பாவம் என்கிறான் மற்றொருவன். பாடம் போடத் தட்சணை, வேப்பிலை அடிக்கக் கோழி, கயிறு கட்டக் காணிக்கை! பவுண்டரியில் வெந்து, விசைத்தறியில் நொந்து தொழிலாளி கொண்டுவரும் கூலி இப்படியா கரைவது?

“பாடம் போட்டதும் தணிந்ததே!” என்பீர்கள். தணியத்தான் செய்யும், தோழர்களே! ஒவ்வொரு தடிப்பும் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் தானே மறைவது இந்நோயின் இயல்பு. பொழுது தானே விடிகிறது. கூவிய சேவல் கூலி கேட்டால் கொடுப்போமா?

சரி, கடித்தது யார்? விஞ்ஞானம் விடை சொல்கிறது. நம் தோலுக்குள்ளே மாஸ்ட் செல்கள் என்னும் காவற்காரர்கள் இருக்கிறார்கள். பகை வந்ததென்று எண்ணினால் ஹிஸ்டமின் என்னும் பொருளைக் கொட்டுகிறார்கள். நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிகின்றன, நீர் கசிகிறது, தோல் தடிக்கிறது, அரிக்கிறது. சிலருக்குப் பகை மீன், முட்டை, நிலக்கடலை. சிலருக்குப் பென்சிலின், வலி மாத்திரை. சிலருக்குச் சளிக்காய்ச்சல் தந்த கிருமி. உலைக்களத்து வெப்பத்தில் வேர்வை பொங்கும்போதே சிலருக்குத் தடிக்கும். ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, பல வேளை வெளிப்பகையே இராது. தன் உடலின் காவற்படையே தன்னைத் தாக்கும். கள்ளனில்லாத வீட்டில் காவலன் அடிக்கும் கூத்து அது!

எனவே, இது தொற்றுநோய் அன்று. தட்டைத் தனியே வைக்காதீர். பாயைத் தனியே போடாதீர். கத்தரிக்காய் கூடாது, கருவாடு கூடாது, முட்டை கூடாது என்று கண்டபடி பத்தியம் வைப்பதும் வேண்டாம். நீடித்த காணாக்கடிக்கு உணவு காரணமாவது அரிது. தின்றதும் தடிக்கிறது என்று கண்டறிந்த பண்டத்தை மட்டும் விலக்கினால் போதும். ஏழையின் தட்டில் இருப்பதே கொஞ்சம், அதையும் பிடுங்கலாமா?

1937-ல் டேனியல் போவே ஹிஸ்டமினை அடக்கும் மருந்துக்கு வழி கண்டார். 1957-ல் நோபல் பரிசு பெற்றார். அந்த வழியில் வந்ததுதான் இன்று சில ரூபாய்க்குக் கிடைக்கும் செட்டிரிசின். ஃபெனிரமின் போன்ற பழைய மாத்திரைகள் தூக்கம் தரும். அதை விழுங்கிவிட்டு எந்திரத்தருகே நிற்காதீர், லாரி ஓட்டாதீர். செட்டிரிசினும் சிலருக்கு மயக்கம் தரலாம். சாதாரண அளவுக்கு அடங்காவிட்டால் மருத்துவரே அளவைக் கூட்டுவார்; அதற்கும் அடங்காதவர்க்கு ஓமலிசுமாப் என்னும் ஊசி உண்டு. போலி வைத்தியன் போடும் ஸ்டீராய்டு ஊசியோ இன்று இதம் தரும். தொடர்ந்தால் சர்க்கரையை ஏற்றும், எலும்பை அரிக்கும்.

ஒன்றை மட்டும் மறவாதீர். தடிப்புடன் உதடும் நாக்கும் வீங்கி, மூச்சுத் திணறி, தலை சுற்றினால் அது உயிருக்கு ஆபத்து. அப்போது மந்திரமும் வேண்டாம், மாத்திரைக்காகக் காத்திருப்பதும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள். தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் உயிர் காக்கும்.

காணாக்கடி இப்படி. கண்ணுக்குத் தெரியும் கடிகளும் கொங்கு நாட்டில் உண்டு. தரிசிலும் சாலையோரத்திலும் வெள்ளைப் பூவுடன் நிற்கிறதே பார்த்தீனியம், அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. வடக்கே அதற்குக் ‘காங்கிரஸ் புல்’ என்று பெயர். பெயர் வைத்தவர்கள் நாமல்லர்! அதன் தூள் பட்டு உழவனின் முகமும் கழுத்தும் புண்ணாகின்றன. ஈரச் சிமெண்டிலுள்ள குரோமியம் கொத்தனார் கையையும் சித்தாளின் காலையும் வெடிக்க வைக்கிறது. இவை தடித்து மறைபவை அல்ல. நாட்கணக்கில் நின்று நோகச் செய்பவை. உறையும் பூட்சும் சோப்பும் தண்ணீரும் தந்தால் பெருமளவு தடுக்கலாம். டென்மார்க்கில் 1981-லேயே சிமெண்டில் இரும்பு சல்பேட்டைக் கலந்து அந்த நஞ்சின் வீரியத்தைக் குறைக்கத் தொடங்கினர். அங்கே கொத்தனார் கை கை. இங்கே கொத்தனார் கை கல்லா?

தொழிற்சாலையில் இரசாயனமும் வண்ணப்பூச்சும் பட்டு வரும் தோல் அழற்சி, 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, 1987-ல் வந்த திருத்தத்தின்படி, அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோயாக இடம் பெற்றது. அதாவது, அது தொழிலாளியின் தலைவிதி அன்று. தொழில் தந்த நோய் என்று சட்டமே ஒப்புக்கொண்டது! தமிழகத்தில் ஈ.எஸ்.ஐ. திட்டம் 1955-ல் முதலில் கால் வைத்ததும் இந்தக் கோவையில்தான். சிங்காநல்லூரில் அதன் மருத்துவமனை நிற்கிறது. அட்டை வைத்திருக்கும் தோழன் அங்கே போவது பிச்சை கேட்க அல்ல. தன் கூலியில் பிடித்த பணத்துக்குரிய உரிமையைக் கேட்க!

கிளைக் கழகத் தோழர்களே! படிப்பகத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். அரிக்கும் கையோடு பூசாரி வீட்டு வாசலில் நிற்பவனை மருத்துவமனை வாசலுக்கு அழைத்துச் செல்லுங்கள். கையுறை தராத முதலாளியிடம் சங்கமாய்ச் சென்று கேளுங்கள். காணாதவரை அது காணாக்கடி. கண்டுகொண்ட பின்னும் வாளாவிருப்பது நம் குற்றம்!