ஸ்டார்ட் ஆகாத லோரிக்கு டிரைவர் சம்பளத்தைப் பிடிக்கலாமா?

கேமரன் மலையின் லெம்பா பெர்த்தாமில் குளிர் கூடிய நாளில், விடியற்காலை அடுப்படிக்குப் போனால் செம்பனை எண்ணெய்ப் போத்தல் வெள்ளையாக உறைந்திருக்கும். வெளியே நிற்கும் லோரியின் டீசலிலும் அதே செம்பனை கலந்திருக்கிறது.

பி10 டீசல் நூறு லிட்டரில் பத்து லிட்டர் செம்பனை பயோடீசல். கலப்பில்லாத பயோடீசல் ஏறக்குறைய 15 பாகை செல்சியஸிலேயே கலங்கத் தொடங்கிவிடும். கலந்த டீசல் அப்படி உறையாது. ஆனால் மெழுகு போன்ற துகள்கள் குளிரில் மெல்லப் பிரிந்து பில்டரில் சேரும். இன்ஜின் திணறும், மேட்டில் இழுக்காது, ஒருநாள் நின்றே போகும். 2019இல் பி10 வந்தபோது கேமரன் மலைக்குச் செம்பனை குறைந்த பி7ஐ விட்டுவைத்ததும் இந்தக் குளிரை நினைத்துத்தான். அதனால் மலையடிவாரத் தாப்பாவில் தொட்டியை நிரப்பிக்கொண்டு வந்து மேலே நாள்கணக்கில் நிறுத்திப் போடாதீர்கள். பில்டரில் தேங்கும் தண்ணீரை அடிக்கடி திறந்துவிடுங்கள்.

தொட்டிக்கடியில் தீ காட்டுவது, டீசலில் மண்ணெண்ணெய் ஊற்றுவது இரண்டும் வேண்டவே வேண்டாம். மூடிய கொட்டகையில் இன்ஜினை ஓடவிட்டுக் குளிர்காய்வது அதைவிட மோசம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும்.

லோரி நின்று காய்கறி வாடினால் பழி டிரைவர் தலையில்தான் விழுகிறது. "நீதான் கெடுத்தாய்" என்று சம்பளத்தில் பிடிக்கிறார்கள். பலர் வாய் திறப்பதில்லை. இதைக் கேட்கும்போதெல்லாம் மனம் பொறுக்கவில்லை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு எதையெல்லாம் பிடிக்கலாம் என்று வரையறுத்திருக்கிறது. பழுதுச் செலவை முதலாளி தன் இஷ்டத்துக்குப் பிடிக்க அதில் இடமில்லை. தொழிலாளர் துறையில் புகார் கொடுங்கள், வக்கீல் தேவையில்லை.

பிரேக் சரியில்லாத லோரியை மலைச்சரிவில் இறக்கச் சொன்னால்? முதலாளியிடம் சொல்லியும் அவர் சரிசெய்யவில்லை, உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் வேலையிலிருந்து விலகிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. இந்த உரிமையைத் தரும், 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்த திருத்தம் 1.6.2024 முதல் நடப்பில் இருக்கிறது.

சொந்த லோரி வைத்துத் தொழில் செய்பவருக்குப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் உதவாது. பழுதான டீசலோ மோசமான ரிப்பேரோ, 5,000 வெள்ளி வரையிலான இழப்பை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கையாகத் தாக்கல் செய்யலாம்.

எந்த வழியில் போனாலும் அத்தாட்சி கேட்பார்கள். அடைத்த பில்டரைப் போர்மேன் குப்பையில் வீசுவதற்குள் கேட்டு வாங்குங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி, டீசல் போட்ட ரசீதையும் அதோடு வைத்துக்கொள்ளுங்கள்.