மழைநீர் வழியிலே மசகு எண்ணெயா?

சாலையோரத்து மூடிக்குக் கீழே ஓடுவதெல்லாம் சாக்கடைதானே, எதை ஊற்றினால் என்ன என்று எண்ணுகிறோம், தோழர்களே! அந்த எண்ணத்திலேதான் வினை இருக்கிறது.

சென்னையிலே நிலத்தடியில் ஓடும் வழிகள் இரண்டு. ஒன்று குடிநீர் வாரியத்தின் கழிவுநீர்க் குழாய். அது கொடுங்கையூர், கோயம்பேடு, பெருங்குடி முதலிய இடங்களுக்குச் சென்று சுத்திகரிக்கப்படுகிறது. மற்றொன்று மாநகராட்சியின் மழைநீர் வடிகால். அதற்குச் சுத்திகரிப்பு நிலையம் கிடையாது. விழுந்ததை அப்படியே வாங்கி, கூவத்திலும் அடையாற்றிலும் பக்கிங்காம் கால்வாயிலும் கொண்டுபோய்க் கொட்டும். அங்கிருந்து கடல்!

கொட்டினால் என்ன நேரும்? 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணூர் கண்டது. மணலி எண்ணெய் ஆலை வளாகத்திலிருந்து வெள்ளநீரோடு எண்ணெயும் வெளியேறியது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூறிற்று. பக்கிங்காம் கால்வாய் வழியே வந்து, கொசஸ்தலை ஆற்று முகத்துவாரமெங்கும் படர்ந்தது. படகு கறுத்தது, வலை கறுத்தது, அலையாத்தி வேரும் கறுத்தது. மீன் பிடிக்கும் கைகள் வாளியும் குவளையும் ஏந்தி எண்ணெய் அள்ளின! தொழில் முடங்கிற்று. புயலா செய்தது? புயல் கொண்டுபோய்ச் சேர்த்தது, அவ்வளவே. எண்ணெய் வானத்திலிருந்து பொழியவில்லையே!

ஆலையின் பிழைக்கு ஆலை பதில் சொல்லட்டும். ஆனால் நம் தெருப் பட்டறையின் கதை என்ன? மோட்டார் சைக்கிள் ஒன்றுக்கு ஆயில் மாற்றினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் கருப்பு ஆயில் இறங்குகிறது. லாரி என்றால் பத்து லிட்டருக்கும் மேலே. அதை வாசல் கால்வாயில் சாய்த்தால், எண்ணூருக்குப் போன அதே வழியில்தான் அதுவும் போகும். இத்தனைக்கும் அது குப்பையல்ல, காசு! மறுசுத்திகரிப்புக்கு வாங்கிச் செல்ல உரிமம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். மூடியுள்ள பீப்பாயில் சேர்த்து வைத்தால் விலை கிடைக்கும். தரையில் சிந்தியதைத் தண்ணீர் விட்டுத் தள்ளாமல், மரத்தூள் தூவி அள்ளித் தனியே மூடி வைக்கலாம்.

வாட்டர் சர்வீஸ் நடத்துவோருக்கும் வழியுண்டு. எண்ணெய் மிதக்கும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த செய்தி. இரண்டு அறைத் தொட்டி கட்டி, நடுச்சுவரின் அடிவழியே மட்டும் நீர் செல்ல விட்டால், எண்ணெய் முதல் அறையிலேயே தங்கிவிடும். மிஞ்சும் நீரை, அனுமதி பெற்று, கழிவுநீர்க் குழாயில் விடவேண்டும். ஓட்டல்காரரின் எச்சில் நீருக்கும் அதுவே இடம். கட்டட வேலையில் சாந்துச் சட்டி கழுவிய நீரோ கால்வாயிலேயே இறுகிக் கல்லாகிறது.

இரவோடிரவாக வீட்டுக் கழிவுக் குழாயை மழைநீர்க் கால்வாயில் இணைக்கும் கனவான்களும் இருக்கிறார்கள்! அந்தச் சேற்றைத் தூர் வாருகிறவர் யார்? இன்னொரு தொழிலாளி. மலக்குழியிலும் சாக்கடையிலும் மனிதரைப் பாதுகாப்பின்றி இறக்கக் கூடாதென்று 2013-இல் சட்டம் வந்துவிட்டது. மழைநீர்க் கால்வாயைச் சாக்கடையாக்கிவிட்டு அதிலே ஒருவரை இறக்குவது எந்த நியாயம்?

பீப்பாய் வாங்க மறுத்து, "ஊற்றடா கால்வாயிலே" என்று பட்டறைப் பையனை ஏவும் முதலாளியை என்ன சொல்ல? பழி பையன்மேல், பணம் முதலாளி பையில்! பீப்பாயும் தொட்டியும் தொழிலுக்கான செலவு, கூலியிலே பிடிப்பதற்கில்லை. கையுறை கேட்கும் கோரிக்கைப் பட்டியலிலே இவற்றையும் எழுதுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னரே கொடுத்துவிடுங்கள். மாதக்கணக்கில் தெருவிலே தேங்கியதையெல்லாம் முதல் மழைதான் வாரிச் செல்கிறது.