தொண்ணூறிலும் தசை வளரும்

முதியவர் கையிலுள்ள பையைப் பிறர் வாங்கிக்கொள்வதும், அவரை ஓரிடத்தில் உட்காரவைத்துப் பணிவிடை செய்வதும் அன்பின் அடையாளமாகவே கருதப்படுகின்றன. ஆனால் தசையைப் பொறுத்தவரை இந்த அன்பு பெரும்பாலும் கேடாகவே முடிகிறது. வயது ஏற ஏறத் தசையின் அளவும் வலிமையும் குறைந்துவரும் நிலைக்கு அமெரிக்க மருத்துவ அறிஞர் இர்வின் ரோசன்பெர்க் 1980-களின் இறுதியில் 'சார்கோபீனியா' என்று பெயர் சூட்டினார். இதில் தசையின் அளவைவிட அதன் வலிமையே விரைவாகக் குறைகிறது.

எலும்போடு இணைந்த தசைகளில், மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் களைப்பின்றி உழைக்கும் இழைகளும், விரைந்து சுருங்கிப் பெருவிசை தரும் இழைகளும் கலந்திருக்கின்றன. முதுமையில் அதிகம் மெலிவது இரண்டாம் வகையே. கால் இடறும்போது உடலைத் தாங்கிப் பிடிப்பதற்கும், தாழ்ந்த இருக்கையிலிருந்து எழுவதற்கும் பெரிதும் தேவைப்படுவதும் அதுவே. சிறுவிசை போதுமான வேலைக்கு நரம்பு மண்டலம் மெதுவான இழைகளை மட்டுமே முதலில் இயக்குகிறது. பளு கூடிய பிறகே விரைவான இழைகளையும் வேலைக்கு இழுக்கிறது. எனவே நடைப்பயிற்சி இதயத்துக்கும் நுரையீரலுக்கும் எவ்வளவு நன்மை செய்தாலும், இழந்த வலிமையை மீட்டுத்தர அது மட்டும் போதாது. தசை எதிர்த்து உழைக்கும்படி பளுவோ மீள்பட்டையோ தன் உடலெடையோ தரப்படும் 'எதிர்ப்புப் பயிற்சி' இங்கே தேவையாகிறது.

முதியவர்களால் இத்தகைய பளுவைத் தாங்க முடியுமா என்ற ஐயத்துக்குப் பாஸ்டன் நகரின் முதியோர் மறுவாழ்வு இல்லம் ஒன்றில் மரியா ஃபியாட்டரோன் குழுவினர் நடத்தி 1990-இல் வெளியிட்ட ஆய்வு விடையளித்தது. சராசரியாக 90 வயதுடைய, உடல் நலிந்த பத்துப்பேர் அதில் சேர்ந்தனர். ஒருவர் ஒரே முறை மட்டும் தூக்கக்கூடிய உச்சப் பளு கண்டறியப்பட்டு, முதல் வாரத்தில் அதில் பாதியும், பின்னர் ஐந்தில் நான்கு பங்கும் பயிற்சிப் பளுவாக்கப்பட்டன. அதாவது 10 கிலோவை ஒருமுறை தூக்கக்கூடியவருக்கு 8 கிலோ. உட்கார்ந்தபடி முழங்காலை நீட்டி அந்தப் பளுவை நிதானமாக ஏற்றி, விட்டுவிடாமல் அதே நிதானத்தோடு இறக்க வேண்டும். ஒருமுறை ஏற்றி இறக்க ஆறு முதல் ஒன்பது வினாடிகள், எட்டு முறை சேர்ந்தது ஒரு சுற்று, இடையில் ஓய்வுடன் மூன்று சுற்றுகள், வாரத்தில் மூன்று நாள்கள். எட்டு வாரங்களை நிறைவுசெய்த ஒன்பதுபேரின் தொடை முன்தசை வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. தசையின் பரப்போ 9 விழுக்காடுதான் கூடியது. பெருகிய வலிமையின் பெரும்பகுதி, இருக்கும் தசையையே நரம்புகள் திறம்பட இயக்கக் கற்றுக்கொண்டதால் கிடைத்தது எனலாம். இருவர் ஊன்றுகோலைக் கைவிட்டனர்.

இதே குழு நூறு முதியவர்களிடம் நடத்தி 1994-இல் வெளியிட்ட விரிவான ஆய்வும் பயிற்சியின் பயனை உறுதிசெய்தது. பயிற்சியின்றி ஊட்டச்சத்துப் பானம் மட்டும் பெற்றவர்களிடம் அத்தகைய பலன் தென்படவில்லை. சத்துமாவு கரைத்துத் தருவதோடு கடமை முடிந்ததாக எண்ணும் குடும்பங்கள் இதைக் கருத வேண்டும்.

கருவிகள் இல்லாத வீட்டில் கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வதே நல்ல தொடக்கம்; ஐந்துமுறை எழுந்து அமர 15 வினாடிகளுக்கு மேல் ஆவதை ஐரோப்பிய வல்லுநர் குழு வலிமைக்குறைவின் அறிகுறியாகக் கொள்கிறது. எழவே இயலாதவர் உயரமான இருக்கையில் தொடங்கி, வாரங்கள் செல்லச்செல்ல உயரத்தைக் குறைக்கலாம். எளிதாகிவிட்ட பளுவோடு நின்றுவிட்டால் வளர்ச்சியும் நின்றுவிடும் என்பதால், பளுவைப் படிப்படியாகக் கூட்டுவது இன்றியமையாதது. மூச்சை அடக்கிக்கொண்டு தூக்குவது இரத்த அழுத்தத்தைச் சட்டென ஏற்றுமாதலால், தூக்கும்போது மூச்சை வெளிவிட வேண்டும். கட்டுக்குள் வராத இரத்த அழுத்தமோ நெஞ்சுவலியோ உள்ளவர்கள் மருத்துவரின் ஒப்புதலின்றித் தொடங்கலாகாது.

பாஸ்டனில் நடந்த முதல் ஆய்வில், பயிற்சி நின்ற நான்கே வாரங்களில் உச்ச வலிமையில் 32 விழுக்காடு குறைந்தது. ஆகவே வலிமைப் பயிற்சியைச் சில வாரச் சிகிச்சையாக எழுதித்தருவதில் பொருளில்லை. அன்றாட மாத்திரையைப் போல அதுவும் தொடர்ந்து நடைபெற வேண்டியது, உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதுபோல் வாரத்துக்குக் குறைந்தது இரண்டு நாள்களாவது.