பூமிக்குக் கயிறு கட்டினால்…?

ஒரு கேள்வி. மனசுக்குள்ள ஒரு பதில் சொல்லிட்டு மேலே படிங்க.

பூமியின் நடுக்கோட்டைச் சுற்றி ஒரு கயிறு இறுக்கமா கட்டியிருக்குன்னு வச்சுக்குவோம். நீளம் சுமார் 40,075 கி.மீ. அதாவது 4 கோடி மீட்டருக்கும் மேல். அதோட வெறும் 1 மீட்டர் கயிறு சேர்க்கிறோம். இப்போ கயிறு எல்லா இடத்திலும் ஒரே அளவு தரையை விட்டு மேலே நின்றால், இடைவெளி எவ்வளவு?

'ஒரு தாள் கூட நுழையாது' என்றுதான் பலரும் சொல்வாங்க. ஆனால் விடை சுமார் 16 செ.மீ.! நம்ம 15 செ.மீ. ஸ்கேலை அதுக்கடியில் நிற்க வைக்கலாம்.

எப்படி?
பழைய சுற்றளவு = 2πr
புதிய சுற்றளவு = 2πR
வித்தியாசம்: 2π(R – r) = 1 மீட்டர்
ஆகவே R – r = 1 ÷ 6.28 = 0.159 மீட்டர்.

கவனிச்சீங்களா? பூமியின் ஆரம் கணக்கிலேயே வரவில்லை! நம்ம தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் மிச்செலின் கம்பெனி செய்யும் லாரி டயரைச் சுற்றிக் கட்டினாலும், அம்மாவின் வளையலைச் சுற்றிக் கட்டினாலும், 1 மீட்டர் சேர்த்தால் அதே 16 செ.மீ.தான்.

காரணம் புரிய ஒரு சதுர வீட்டை நினைச்சுப் பாருங்க. கயிறைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளிச் சதுரமாகவே கட்டினால், நான்கு மூலையில் மட்டும்தான் கூடுதல் கயிறு வேணும். சுவர் எவ்வளவு நீளம் என்பது முக்கியமில்லை. வட்டத்தில் அந்த மூலை வேலை சுற்றிலும் பரவியிருக்கு, அவ்வளவுதான்.

இதனால் என்ன பயன்? விளையாட்டு விழாவில் ஒரு முழுச் சுற்று ஓட்டத்தில், வெளி லேனில் ஓடுபவரை முன்னால் நிறுத்துவாங்க. 'அவனுக்கு மட்டும் ஏன் சலுகை?' என்று சண்டை வரும். சலுகை இல்லை, நியாயம்! இரண்டு வளைவும் சேர்ந்தால் ஒரு முழு வட்டம். லேன் அகலம் 1.22 மீட்டர் என்றால், ஒவ்வொரு லேனுக்கும் 2 × 3.14 × 1.22 = சுமார் 7.66 மீட்டர் தூரம் கூடும். மைதானம் 200 மீட்டரோ 400 மீட்டரோ, இந்த அளவு மாறாது. டேப் வைத்து அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டால் யாரும் ஏமாற மாட்டாங்க.

சிந்தனைக்கு: 1.5 மீட்டர் உயரமுள்ள ஒருவர் பூமியை நடுக்கோட்டில் ஒரு சுற்று நடந்து வந்தால், அவர் காலை விடத் தலை எத்தனை மீட்டர் அதிகம் பயணம் செய்திருக்கும்? கண்டுபிடித்து நம்ம கணக்கு ஆசிரியரிடம் காட்டுங்க!