நீல ஜுவாலை

ஓட்டல் சமையலறையில் பெரிய பர்னர் ஒன்று மஞ்சளாக எரிந்து அண்டாவின் அடியில் கரி படியத் தொடங்கினால், வாயு போதவில்லையென்று எண்ணித் திருகை மேலும் திறந்துவிடும் வழக்கம் பலரிடத்தில் இருக்கிறது; ஆனால் அங்கே போதாதது பெரும்பாலும் காற்றுதான்.

வாயு எரிவதற்கு முன்பே அதனோடு காற்றைக் கலந்துவிடும் பர்னரை, 1855-ஆம் ஆண்டையொட்டி, ஹைடல்பர்க் சர்வகலாசாலையில் ராபர்ட் புன்சென் என்ற ரசாயன நிபுணரும் கருவிகள் செய்யும் பீட்டர் தெசாகாவும் சேர்ந்து உருவாக்கினார்கள். இன்றைய தோசைக்கல்லின் கீழ் எரிவதும் அதே தத்துவந்தான். ஜெட் என்னும் பித்தளை முனையின் நுண்துளை வழியே சீறிப் பாயும் வாயு, தன் வேகத்தாலேயே பக்கத்திலுள்ள காற்றை இழுத்துக்கொண்டு கலவைக் குழாயில் புகுகிறது. சமையல் வாயுவிலுள்ள ப்ரொப்பேன் ஒரு பங்கு பூரணமாக எரிய ஏறக்குறைய 24 பங்கு காற்றும், ப்யூட்டேனுக்கு 31 பங்கும் வேண்டும். இதில் ஒரு பகுதி குழாயிலும், மிச்சம் ஜுவாலையைச் சுற்றிலும் கிடைக்கிறது. ஆகவே அண்டா பர்னரின்மேல் மிகவும் தாழ்ந்து உட்கார்ந்தாலும் சுடர் மஞ்சளாகும். கரியோடு நிற்காமல், கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத கார்பன் மோனாக்ஸைடும் அப்போது உண்டாகும் என்பதே பெரிய அபாயம்.

சுடர் துளையை விட்டு எழும்பி இரைந்தால் காற்றோ அழுத்தமோ மிகுந்துவிட்டதென்று அறியலாம். சுடர் உள்வாங்கிக் குழாய்க்குள் ஜெட்டின் வாயிலேயே எரிந்தால், வாயுவின் வேகம் தளர்ந்திருக்கிறது. உடனே மூடி, ஆறவிட்ட பிறகே மறுபடி பற்றவைக்க வேண்டும்.

சுத்தம் செய்வதற்கு முதலில் வாயுவை அடைத்து, பர்னர் ஆறியதும் தலையைக் கழற்றி, துளைகளைத் தூரிகையால் தேய்த்து, குழாய்க்குள் பொங்கி வழிந்த பண்டமோ சிலந்தி வலையோ அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜெட்டை மாத்திரம் ஊசியாலோ கம்பியாலோ குத்தக் கூடாது. பித்தளை மிருதுவான உலோகம். துளையின் விட்டம் பத்தில் ஒரு பங்கு பெருத்தால் பரப்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பெருகி, குழாயில் நுழையும் காற்று ஈடுகொடுக்க முடியாத அளவு வாயு பாயும். கம்பியால் குத்திய பர்னர் பின்பு எந்தத் திருத்தத்துக்கும் வசப்படாமல் மஞ்சளாகவே எரிவதற்கு இதுதான் காரணம். அதே அளவுள்ள புது ஜெட்டை மாற்றுவதே முறை. பிறகு குழாயில் காற்று நுழையும் வழியை மூடித் திறக்கும் தகட்டைச் சிறிது சிறிதாகத் திறந்து, மஞ்சள் நுனி மறையும் இடத்தில் நிறுத்த வேண்டும்.

19 கிலோ சிலிண்டரில் பல அடுப்புகளை ஒருசேர எரித்தால், உள்ளே திரவம் ஆவியாகிக் குளிர்ந்து வெளியே பனி படர, அழுத்தம் விழுந்துவிடும். அந்தத் தளர்ச்சிக்குப் பர்னரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

ரெகுலேட்டரின் அழுத்தத்தை மாற்றும் வேலையை மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள். கசியும் வாயு காற்றைவிடக் கனமாகையால் தரையோடு தங்கும். எனவே கழற்றிய இணைப்பு ஒவ்வொன்றிலும் சோப்பு நுரை தடவிக் குமிழி வரவில்லையென்று கண்ட பிறகே தீக்குச்சியைக் கையில் எடுங்கள்.